அண்ணன் அறையும் அக்கா வீடும்

1980-களில் கோவில்பட்டிப் பக்கம் மெட்ராஸுக்கு வேலைக்குப் போனவர் என்றால், அநேகமாக அது ஏதோ ஒரு வீட்டின் மூத்த பையனாக இருக்கும். எங்கே இருக்கிறான் என்று கேட்டால் வரும் பதிலும் அநேகமாக ஒன்றுதான்: திருவல்லிக்கேணி. தெருவின் பெயர் மாறும், மேன்ஷன் பெயர் மாறும், திருவல்லிக்கேணி மாறாது. தேர்வு எழுதி அரசு வேலை கிடைத்தவர்கள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், சி.ஏ. படிக்க வந்தவர்கள், சினிமாவில் உதவி இயக்குநராகிவிடலாம் என்று பெட்டியோடு இறங்கியவர்கள், எல்லாருக்கும் அந்த மேன்ஷன்கள்தான் பட்டணத்தின் முதல் முகவரி. என் அண்ணனுக்கும் அதுதான். 1985 கடைசியில் சேப்பாக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தான். அடுத்த கோடையில் அப்பாவும் நானும் அவனைப் பார்க்கப் போனோம்.

இப்போது என் மகள் நாவலூரில் இருக்கிறாள், மென்பொருள் சோதிக்கும் வேலை. அவளைப் பார்க்க அவளுடைய தம்பி சனி, ஞாயிறுகளில் போய்விட்டு வருகிறான். இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் நாற்பது வருஷம் ஓடியிருக்கிறது. அதற்குள் மெட்ராஸ் சென்னை ஆனது, மீட்டர் கேஜ் போனது, வெளியூர் பஸ் ஸ்டாண்டு பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்கும் அங்கிருந்து கிளாம்பாக்கத்துக்கும் நகர்ந்தது. என் மனசில் பெரிதாக நிற்கும் மாற்றம் ஒன்று உண்டு. அன்று அண்ணனின் அறைக்குள் தங்கை கால் வைக்க முடியாது. இன்று அக்காவின் வீட்டில் தம்பி இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருகிறான்.

அன்றைய பயணம் இன்லண்டு லெட்டரில் தொடங்கும். இன்ன தேதி வருகிறோம் என்று எழுதிப் போட்டு, பதில் வந்த பிறகுதான் டிக்கெட். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரி முழுக்க ஓடும். விழுப்புரத்தில் வந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார இன்ஜின் மாட்டும்போது அந்த ஆட்டத்தில் விழிப்பு வந்துவிடும். அப்புறம் செங்கல்பட்டு ஏரி, தாம்பரம், எழும்பூர். பிளாட்பாரத்தில் அண்ணன் நின்றிருந்தான், ஊரில் பார்த்ததைவிட இளைத்திருந்தான். அம்மா கொடுத்துவிட்ட பைகளில் அவனுக்கு மட்டுமல்ல, அவன் அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் சேர்த்துக் கடலை மிட்டாய், சாத்தூர் சேவு, கருப்பட்டி மிட்டாய் எல்லாம் இருந்தன. எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே திருவல்லிக்கேணியின் எத்தனையோ அறைகளில் அது ராத்திரிச் சாப்பாடாக இருந்திருக்கிறது.

எழும்பூரிலிருந்து நாங்கள் அவன் இடத்துக்குப் போகவில்லை. மேற்கு மாம்பலத்துக்குப் போனோம். அப்பாவின் சித்தப்பா மகள், எனக்கு அத்தை முறை, அங்கே ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தார். ஒரு கூடம், ஒரு அடுப்படி, பொதுவாக ஒரு கிணறு, ஒரு அடிபம்பு. அந்த வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். ஆனாலும் ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் இறங்குவார்கள். நேர்காணலுக்கு வந்தவர்கள், எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள், விமானம் ஏறக் காத்திருந்தவர்கள். அத்தை யாரையும் எத்தனை நாள் என்று கேட்டதில்லை. வந்தவர்கள் படுக்க ஒரு கோரைப்பாய் எப்போதும் சுவரோரம் சுருட்டி வைத்திருப்பார். தென்மாவட்டத்துக்காரர் ஒவ்வொருவருக்கும் பட்டணத்தில் இப்படி ஒரு வீடு தெரிந்திருக்கும். லாட்ஜில் ரூம் போடுவது என்பது கௌரவக் குறைச்சல், அதிலும் வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் நினைத்தே பார்க்க முடியாது. அந்த அத்தையைப் போன்ற பெண்கள் தங்கள் அடுப்படியிலிருந்து ஒரு தலைமுறையையே பட்டணத்தில் குடியேற்றினார்கள். அவர்களுடைய பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

மத்தியானம் அண்ணன் எங்களை மேன்ஷனுக்குக் கூட்டிப்போனான். வாசலுக்கு உள்ளே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மேனேஜர், பக்கத்தில் வந்த கடிதங்களைப் பரப்பி வைத்த பலகை, ஒரு மர பெஞ்சு. அந்த பெஞ்சுதான் எனக்கு. அப்பாவும் அண்ணனும் மாடிப்படி ஏறிப் போனார்கள். பெண்கள் மேலே போகக் கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்த விதி. காரணமும் இல்லாமல் இல்லை: நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள், கடைசியில் எல்லாருக்கும் பொதுவான குளியலறை, வாளியோடு துண்டு கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் ஆண்கள். அந்த இடத்தில் ஒரு பெண் வந்தால் அத்தனை பேரும் சங்கடப்படுவார்கள் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்தது. ஆனால் என் கூடப்பிறந்தவன் எங்கே படுக்கிறான், ஜன்னல் இருக்கிறதா, சட்டையை எங்கே மாட்டுகிறான் என்று எனக்குத் தெரியாமலே போனது. அப்பா இறங்கி வந்து, "பெட்டி வைக்கக்கூட எடமில்லம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அண்ணன் எழுதிய கடிதத்தின் மடிப்பில் அந்த அறையை எனக்காக வரைந்து அனுப்பியிருந்தான். மூன்று கட்டில், நடுவில் ஒருவர் மட்டும் நடக்கும் இடைவெளி, சுவரில் ஆணிகள், எதிர்க் கட்டடத்தைப் பார்த்த ஜன்னல். தன் கட்டில் எது என்று அம்புக்குறி போட்டிருந்தான். ஐந்து வருஷத்துக்கும் மேலாக அவன் அங்கே இருந்தான். எனக்குத் தெரிந்தது அந்தப் படம்தான்.

அறை இல்லாததால் ஊரையே காட்டினான். கன்னிமரா நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மியூசியம், அதை மெட்ராஸ்காரர்கள் செத்த காலேஜ் என்பார்கள். கிண்டி பாம்புப் பண்ணை. வள்ளுவர் கோட்டம். அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தின் எதிரே நின்று மாடிகளை எண்ணினோம். ரத்னா கஃபேயில் சாம்பார் வாளியோடு வந்து ஊற்றிய இட்லியை அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பல்லவன் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்கும்வரை அண்ணன் படிக்கட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். அந்தச் சனி, ஞாயிறில் ஒரு நிமிஷம்கூட அவன் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. மாசக் கடைசி. அறை நண்பர்களிடம் கைமாற்று வாங்கித்தான் செலவு செய்தான் என்பது பின்னால் தெரிந்தது.

அவனிடம் பேச எனக்கு ஒரு விஷயம் இருந்தது. பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். எட்டயபுரத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். எனக்கு மேலே படிக்க ஆசை. ஊரில் அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, கடிதத்தில் எழுதினால் அப்பாதான் தபாலில் போடுவார். மாம்பலம் வீட்டில் எப்போதும் ஆள். பஸ்ஸில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெரினாவில்தான் வாய்த்தது. அப்போது அந்தக் கடற்கரையில் அண்ணா சமாதி மட்டும்தான், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தார். அப்பா சமாதிக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் நேரத்துக்குள் பேசி முடித்தோம்.

"ஏட்டி, நெசமாவே படிக்கணுமா?"

"ஆமாண்ணே."

"சரி. அப்பாட்ட நான் பேசுதேன்."

அன்று ராத்திரி மாம்பலத்துத் திண்ணையில் பேசினான். நான் மதுரையில் எம்.எஸ்ஸி. படித்ததும், கணக்கு ஆசிரியையாக என் காலில் நின்றதும் அந்தப் பேச்சால்தான். ஆனால் இன்று யோசித்தால் நெஞ்சு பதறுகிறது. அப்பா அன்றைக்குச் சமாதிக்குள் போகாமல் எங்களோடு மணலில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்ணனும் தங்கையும் தனியாக உட்கார்ந்து பேச அத்தனை பெரிய நகரத்தில் நாலு சுவர் கிடையாது.

1991-ல் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி ஆதம்பாக்கத்தில் வீடு எடுத்த பிறகுதான் நான் முதல்முறை அவன் கூரைக்குக் கீழே தூங்கினேன். அண்ணி வந்ததால் அது வீடு ஆனது. அதுவரை அது வெறும் இடம்.

என் மகள் படிப்பு முடித்துச் சென்னைக்குப் போனபோது காலம் மாறிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பெண் பிள்ளை முதலில் போகிறாள், தம்பி ஊரில் இருக்கிறான், எங்கள் வீட்டிலேயே இது புதுசு. துரைப்பாக்கத்தில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் சேர்ந்தாள். ஒரு அறையில் மூன்று பேர், மூன்று கட்டில், மூன்று அலமாரி. முதல் மாசச் சம்பளம் வாங்கியதும் தம்பியை வரச் சொன்னாள். அவன் போனான். வரவேற்பறையில் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ஆண்கள் அதைத் தாண்டிப் போகக் கூடாது, அப்பாவாக இருந்தாலும் கூடாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதுவும் கிடையாது. அவன் வேளச்சேரியில் நண்பன் அறையில் படுத்துவிட்டு அடுத்த நாள் பஸ் ஏறி வந்துவிட்டான். அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அந்த மர பெஞ்சு ஞாபகம் வந்து ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆணும் பெண்ணும் இடம் மாறியிருந்தார்கள், கதவு அப்படியே இருந்தது.

அடுத்த வருஷம் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு சேர்ந்து மகள் வீடு தேடினாள். ராஜீவ் காந்தி சாலை, ஊரார் வாயில் ஓ.எம்.ஆர்., அதன் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டியிருக்கிறார்கள். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்ததிலிருந்து அந்தச் சாலை தெற்கே நீண்டுகொண்டே போகிறது. கட்டியவர்கள் குடும்பத்துக்குத்தான் கட்டினார்கள் போலிருக்கிறது. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்ற பதில் அவளுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தது. சம்பளச் சீட்டு காட்டினாலும், மூன்று பேருடைய பெற்றோரும் வந்து கையெழுத்துப் போடுகிறோம் என்றாலும் அதே பதில். வாடகை வீடுகளுக்குத் தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பதைப் பொதுவிதியாக வைத்திருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் அது வழிவிடுவதால் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பது நிற்கவில்லை. யாருக்கு வீடு தர மறுக்கக் கூடாது என்பதைப் பற்றி அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகாத மூன்று பெண்கள் தங்கள் சம்பாத்தியத்தில் ஒரு பூட்டும் சாவியும் வாங்குவதற்கு மாசக்கணக்கில் அலைந்தார்கள். கடைசியில் நாவலூரில் கிடைத்தது. நாலாவது மாடி, இரண்டு படுக்கையறை.

அந்தச் சாவியில் ஒன்றைத்தான் மகள் தம்பிக்குக் கொடுத்தாள்.

அவன் ராத்திரி கோவில்பட்டியில் பஸ் ஏறுகிறான். விடியும் முன்னே கிளாம்பாக்கத்தில் இறங்குகிறான். 2023 டிசம்பர் 30-ல் திறந்த அந்தப் பேருந்து முனையம் வண்டலூரைத் தாண்டி இருக்கிறது. பழைய நகரத்தில் சொந்தக்காரர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு அது பெரும் தொல்லை. இவனுக்கு வசதி. வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தால் நேரே ஓ.எம்.ஆர்., அங்கிருந்து நாவலூர் பக்கம். எழும்பூர், அண்ணா சாலை, திருவல்லிக்கேணி எதுவும் அவன் வழியில் இல்லை. அவன் மெரினாவை இன்னும் பார்த்ததில்லை. அக்காவும் தம்பியும் கடல் பார்க்க வேண்டுமென்றால் கோவளம் போகிறார்கள். அண்ணன் எனக்குக் காட்டிய பட்டணமும் இவள் தம்பிக்குக் காட்டும் பட்டணமும் ஒரு தெருவில்கூடத் தொட்டுக்கொள்வதில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவனுக்கு நம்பவே முடியவில்லை. "அப்போ அவன் மெட்ராஸுக்கே போகலையே" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவலூரும் சிறுசேரியும் இன்று எத்தனையோ பிள்ளைகளின் திருவல்லிக்கேணி.

முதல் தடவை அவன் தங்கப் போனபோது வாசலில் செக்யூரிட்டி நிறுத்தினார். வீட்டுக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டார், அது அவர் வேலை. அதற்குப் பிறகு குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் மகளைக் கூப்பிட்டு, வந்திருப்பது சொந்தத் தம்பியா, ஆதார் இருக்கிறதா, எத்தனை நாள் தங்குவான் என்று கேட்டிருக்கிறார். எதிர் வீட்டுக் குடும்பத்துக்கு வந்த மைத்துனரிடம் யாரும் ஆதார் கேட்கவில்லை. மகள் கோபப்படாமல், தம்பியின் ஆதாரையும் எதிர் வீட்டு விருந்தாளியைப் பற்றிய கேள்வியையும் சேர்த்தே சங்கத்துக்கு எழுதி அனுப்பினாள். அதற்குப் பதில் வரவில்லை. ஆனால் அடுத்த தடவை யாரும் கேட்கவில்லை. அவள் அதை எழுதியதில் எனக்குப் பெருமை. என் வயசில் எனக்கு அது வந்திருக்காது.

அவர்களுடைய சனி, ஞாயிறு எப்படி இருக்கிறது? ஊர் சுற்றுவது குறைவு. சனிக்கிழமை காலையில் அவள் தூங்குகிறாள். வாரம் முழுக்க ராத்திரியில் அமெரிக்காக்காரர்களோடு கூட்டம் பேசிய உடம்பு. அவன் சத்தம் போடாமல் காப்பி போட்டுக் குடித்துவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்து தண்ணீர் லாரி வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். அண்ணன் காலத்தில் வாளிக்கு வரிசை, இந்தக் காலத்தில் லாரிக்குக் கணக்கு. மாசாமாசம் பராமரிப்புப் பணத்தில் அது தனியாக ஏறுகிறது. எழுந்ததும் அவள் துவைக்கப் போடுகிறாள், அவன் வெங்காயம் உரிக்கிறான். நான் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியும் ரசமும் அப்பளமும். அவன் பாத்திரம் கழுவுகிறான். எங்கள் வீட்டில் அண்ணன் ஒரு தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை, யாரும் அவனைக் கழுவச் சொன்னதும் இல்லை.

போவதற்கு முன்னாலேயே அந்த வீட்டை அவன் முழுக்கப் பார்த்துவிட்டான். குடிபோன அன்றைக்கே வீடியோ காலில் அடுப்படி முதல் பால்கனி வரை காட்டிவிட்டாள். தினமும் பேசுகிறார்கள். அப்படியிருக்கும்போது எதற்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போக வேண்டும் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். விடை அவன் போய்வந்த ஒரு சனி, ஞாயிறுக்குப் பிறகு கிடைத்தது. அவருக்கு ஊரில் மருத்துவப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை ஏறி, சிறுநீரகமும் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருந்ததை மகளிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம். தம்பி போனிலும் சொல்லவில்லை. சனி ராத்திரி, மற்ற இரண்டு பெண்களும் தூங்கப் போன பிறகு, கூடத்துத் தரையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு சொல்லிவிட்டான். அவள் அழுதிருக்கிறாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கல்விக் கடன் தவணையையும் அப்பாவின் மருந்துச் செலவையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தன் அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுவதை அவளும் அவனிடம் அன்றுதான் சொன்னாள். எங்களிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. போனில் முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது. ஆனால் பேச்சு நின்ற பிறகும் பக்கத்திலேயே ஒருவர் படுத்திருப்பது போனில் கிடையாது. கூடப்பிறந்தவர்கள் முக்கியமானதைப் பேசுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இதெல்லாம் எல்லாருக்கும் வாய்த்துவிடவில்லை. எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரகடம் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகள் இந்த மாதிரிப் பெண்களின் விரல்களை நம்பித்தான் ஓடுகின்றன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டுப்போன பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் எப்படித் தங்க வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று வெளியே பேச்சு வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு கட்டித் திறந்தது, நல்ல காரியம். எங்கள் தெருப் பெண் இருப்பது தனியார் விடுதி. அவளுடைய அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். தங்கையைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்து கேட்டுக்கு வெளியே நின்று, பையைக் கொடுத்துவிட்டு, டீக்கடையில் அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரும்பிப் போகிறான். ஆயிரக்கணக்கில் கட்டில் போடுகிறவர்கள் கீழ்த்தளத்தில் ஒரு அறையை ஒதுக்கி, நாலு மேஜை போட்டு, அண்ணன் தம்பி வந்தால் ஒரு மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேச இடம் கொடுக்கலாம். செலவு பெரிதில்லை. யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டார். நான் மகளிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பேரையும் ஞாயித்துக்கெழம இங்க வரச் சொல்லும்மா" என்றாள். ஒரகடத்திலிருந்து வண்டலூர் வந்து கேளம்பாக்கம் பஸ் பிடித்தால் ஒரு காலைப் பொழுதில் வந்துவிடலாம். சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசும் கிடையாது. அண்ணன் திருப்பூரிலிருந்து ராத்திரி வண்டியில் வந்தான். மத்தியானம் கோழிக் குழம்பு. சாப்பிட்ட பிறகு மகளும் அவள் தோழிகளும் கடைக்குப் போகிறோம் என்று கிளம்பிப் போய், சாயங்காலம் வரை திரும்பவில்லை. அண்ணனும் தங்கையும் வீட்டில் இருந்தார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இவள் கேட்கவில்லை.

கேட்டில் வைத்திருக்கும் நோட்டில் வருகிறவர் பெயர், வண்டி எண், வீட்டு எண், என்ன உறவு என்று நாலு கட்டம் உண்டு. அந்த இரண்டு பேருக்கும் உறவு என்ற இடத்தில் என்ன எழுதச் சொன்னாய் என்று மகளைக் கேட்டேன்.

"ஊர்க்காரங்கன்னுதான் எழுதச் சொன்னேன். தீபாவளி முடிஞ்சு திரும்ப வாராங்கம்மா, இந்தத் தடவ அந்தப் புள்ளைய ராத்திரியும் தங்கச் சொல்லிருக்கேன். நீ இன்னொரு பாய் குடுத்து விடு."